நான் போகாத ஊரில் என் குட்டி யானை மோதியதாம், 18 லட்சம் கேட்டு நோட்டீஸ்

#1 முட்டைவண்டி (நாமக்கல்) | 14 ஜூன் 2025

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன், இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை.

போன செவ்வாய் ரிஜிஸ்டர் தபாலில் பக்கத்து மாவட்ட விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எம்சிஓபி (விபத்து இழப்பீட்டு மனு) நோட்டீஸ் வந்தது. நான் ஒன்றாம் எதிர்மனுதாரர், என் வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி இரண்டாம் எதிர்மனுதாரர். 2024 அக்டோபர் 14 இரவு ஒன்பதரை மணிக்கு என் டாடா ஏஸ் (2018 மாடல்) ஒரு பைக்கைப் பின்னாலிருந்து இடித்ததாம், ஓட்டியவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்களாம். கேட்பது 18 லட்சம்.

அந்த ரோட்டில் என் வண்டி அதுவரை போனதே இல்லை. நான் முட்டை லோடு அடிக்கிறவன், திங்களும் வியாழனும் ராத்திரி ஓசூர். அக்டோபர் 14 திங்கள்கிழமை. அன்றைக்கு நானே வண்டியில் இருந்தேன், ஓசூர் பார்ட்டியிடம் பாக்கி வாங்க வேண்டியிருந்ததால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இதில் எங்கே போய் யாரை இடிக்கிறது?

இந்த மாதிரி யாருக்காவது வந்திருக்கிறதா? என்ன செய்ய வேண்டும்?

#2 சும்மாஇரு

இன்சூரன்ஸ் இருக்கிறதுதானே? கம்பெனிக்காரன் கட்டிவிட்டுப் போகிறான், உங்களுக்கு என்ன வந்தது. தேர்டு பார்ட்டி கிளெய்முக்கு (நம் வண்டியால் அடிபட்டவர் கேட்பது) நோ கிளெய்ம் போனஸ்கூடப் போகாது. கோர்ட்டுக்கு அலைந்தால் லோடுதான் கெடும்.

#3 கறுப்புக்கோட்டு

மேலே சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். அப்படி நினைத்து ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி (நாம் இல்லாமலே தீர்ப்பு) ஆனவர்கள்தான் மூன்று வருடம் கழித்து வீடு ஜப்திக்கு வரும்போது வக்கீலைத் தேடி ஓடி வருவார்கள்.

இன்சூரன்ஸ் இருந்தாலும் எல்லா நேரத்திலும் கம்பெனி தலையோடு போய்விடாது. லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) என்று ஏதாவது ஒன்றில் ஓட்டை இருந்தால், "பாதிக்கப்பட்டவருக்கு நீ முதலில் கொடு, அப்புறம் உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்" என்று தீர்ப்பாயம் சொல்லிவிடும். 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது, இன்றைக்கும் தினமும் நடக்கிறது. கம்பெனி கட்டும், கட்டிவிட்டு உங்கள் வாசலுக்கு வரும்.

விபத்து நடந்த தேதியில் உங்கள் எஃப்.சி. இருந்ததா? டிரைவர் லைசென்ஸ் என்ன? இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.

#4 முட்டைவண்டி

அண்ணா, அங்கேதான் மாட்டினேன். எஃப்.சி. அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிட்டது. தீபாவளி நெருக்கத்தில் லோடை விட்டுவிட்டுப் போக முடியாமல் நவம்பரில்தான் எடுத்தேன். தப்புதான். டிரைவரிடம் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தது, பேட்ஜ் (வணிக வண்டி ஓட்டத் தனி அனுமதி) இல்லை.

#5 கறுப்புக்கோட்டு

பேட்ஜை மறந்துவிடுங்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு எல்எம்வி லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் எஃப்.சி.யைக் கம்பெனி வக்கீல் விடமாட்டார். இப்போது புரிகிறதா, சும்மா இருந்தால் அந்த 18 லட்சம் எங்கே வந்து நிற்கும் என்று?

#6 பழையகோப்பு

தம்பி, நான் 16 வருடமாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இன்வெஸ்டிகேட்டராக வேலை பார்க்கிறேன். சர்வேயர் இல்லை. சர்வேயர் சேதத்துக்கு விலை போடுகிறவர், அவருக்கு லைசென்ஸ் உண்டு. நாங்கள் ஊர் ஊராகப் போய் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள்.

உன் கதை எனக்குப் பழக்கமான கதை. எங்கள் தொழிலில் இதை "வண்டி வைக்கிறது" என்போம். ஒருவர் பைக்கில் நாய்க்கோ பள்ளத்துக்கோ சறுக்கித் தானே விழுந்திருப்பார், அல்லது அடித்த வண்டி நிற்காமல் போயிருக்கும். தானே விழுந்தவருக்குத் தேர்டு பார்ட்டியில் ஒன்றும் கிடையாது. பாலிசியில் இருக்கும் 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், அதுவும் வண்டி ஓனருக்கு மட்டும், கால் முறிந்து பிளேட் வைத்ததற்கு வராது. அடித்துவிட்டுப் போன வண்டி தெரியாவிட்டால் அரசு கொடுப்பது பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனால் 2 லட்சம். அதுவே 2022 ஏப்ரலில் ஏற்றியது, அதற்கு முன்னால் 12,500-ம் 25,000-ம். ஆஸ்பத்திரி பில்லே மூன்று லட்சம் ஆனவன் 50,000-ஐ வைத்து என்ன செய்வான்? அந்த நேரத்தில் வார்டுக்கு வெளியே ஒரு ஆள் நிற்பான். "அண்ணே, இன்சூரன்ஸ் இருக்கிற ஒரு வண்டி நம்பர் இருந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆனால் நம்பர் மட்டும் போதாது. வண்டியை ஸ்டேஷனில் நிறுத்தி எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். "நான்தான் ஓட்டினேன்" என்று ஒரு ஆள் வர வேண்டும். அதனால் உன்னிடம் இரண்டு கேள்வி:

குற்றப்பத்திரிகையில் ஓட்டுநர் என்று யார் பேர் இருக்கிறது? எம்விஐ உன் வண்டியை எந்தத் தேதியில் பார்த்தார்?

நோட்டீஸோடு வந்த காகிதக் கட்டை முழுசாகப் படி. பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தில் தொகையைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள்.

#7 முட்டைவண்டி

அண்ணா, நீங்கள் சொன்னபடிதான், முதல் பக்கத்தோடு மூடி வைத்திருந்தேன். இப்போது படித்தேன்.

எஃப்.ஐ.ஆர். போட்டது நவம்பர் 5, அதாவது விபத்து நடந்து 22 நாள் கழித்து. எம்விஐ ரிப்போர்ட் நவம்பர் 12. ஓட்டுநர் பேர்... என் டிரைவர்தான். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து ஓசூருக்கு ஓட்டி வந்த அதே ஆள். ஜனவரியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டியிருக்கிறார். பிப்ரவரியில் வேறு இடத்தில் சம்பளம் கூட என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனார்.

நவம்பர் 12 என்னவென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "எஃப்.சி. வேலை, வண்டி லீவு" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எஃப்.சி.க்கு முன்னால் பிரேக் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர்தான் வண்டியை எடுத்துப் போனார். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டார்.

இதில் இன்னொரு கூத்து. உரிமையாளர் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதில் என் பேரில் கையெழுத்து. நான் இங்கிலீஷில் கிறுக்குவேன். அது தமிழில், அதுவும் நோட்டீஸ் போர்டில் எழுதுகிற மாதிரி அழகாக.

#8 கறுப்புக்கோட்டு

அது படிவம் 4. 2022 ஏப்ரலில் வந்த மத்திய விதிகள்படி விபத்துத் தகவல் கிடைத்து 48 மணி நேரத்துக்குள் போலீஸ் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் முதல் அறிக்கை கொடுக்க வேண்டும், ஓட்டுநரும் உரிமையாளரும் 30 நாளில் தங்கள் படிவத்தைக் கொடுக்க வேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை. இந்த மாதிரி வண்டி வைப்பதைத் தடுக்கவும், நியாயமான ஆளுக்குச் சீக்கிரம் பணம் போகவும்தான் அதைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் படிவத்தையே இட்டுக்கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்து உங்களுக்கு நல்லதுதான். பதிலுரையோடு உங்கள் பேங்க் கையெழுத்து மாதிரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

#9 பழையகோப்பு

சரி, இப்போது வேலையை ஆரம்பிப்போம்.

எந்தக் கேஸ் வந்தாலும் நான் முதலில் எஃப்.ஐ.ஆரைப் படிப்பதில்லை. பணம் என்கிற நினைப்பு யாருக்கும் வருவதற்கு முன்னால் எழுதிய காகிதம் எது என்றுதான் தேடுவேன். ராத்திரி பத்து மணிக்கு வலியில் கத்துகிற ஆளிடம் டியூட்டி டாக்டர் "எப்படிப்பா ஆச்சு" என்று கேட்பார், அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். அதை ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவு) புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அந்த ஒரு வரிதான் கேஸ். அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. 108 வந்திருந்தால் எங்கே ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று அவர்களிடம் பதிவு இருக்கும். எஃப்.ஐ.ஆரில் சொல்கிற இடத்துக்கும் 108 ஏற்றிய இடத்துக்கும் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கேஸ் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ஸ்டேஷன் எல்லை மாறினால்தான் அவர்களுக்கு வேண்டிய இடத்தில் எஃப்.ஐ.ஆர். போட முடியும் என்று நகர்த்தியிருந்தார்கள்.

இரண்டாவது, இரும்பு. உன் காகிதக் கட்டுக்குள் பைக்குக்கும் ஒரு எம்விஐ ரிப்போர்ட் இருக்கும். அதில் என்ன சேதம் எழுதியிருக்கிறது, அப்படியே டைப் பண்ணு.

மூன்றாவது ஃபாஸ்டேக். உன் ஃபாஸ்டேக் எந்த பேங்கோ அங்கே போய் அக்டோபர் மாத ஸ்டேட்மென்ட் சீல் போட்டு வாங்கு. டோல்கேட் கேமரா படமும் கேட்டு மனு கொடு, ஆனால் இத்தனை மாதம் கழித்து அதை நம்பி உட்காராதே.

#10 முட்டைவண்டி

பைக் ரிப்போர்ட்: "இடது ஹேண்டில்பார் முனை தேய்ந்துள்ளது. கிளட்ச் லீவர் வளைந்துள்ளது. இடது ஃபுட்ரெஸ்ட் பின்னோக்கி வளைந்துள்ளது. இடது கிராஷ் கார்டு கீறல், மண் ஒட்டியுள்ளது. பின் விளக்கு, நம்பர் பிளேட் நன்றாக உள்ளன."

என் வண்டி ரிப்போர்ட்: "புதிய சேதம் ஏதும் காணப்படவில்லை. பிரேக் நன்றாக உள்ளது."

#11 பழையகோப்பு

படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும்.

பின்னாலிருந்து மோதினால் முதலில் உடைவது டெயில் லேம்ப், மடங்குவது நம்பர் பிளேட், பின் மட்கார்டு. இங்கே பின்பக்கம் கடையிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. அடி எல்லாம் இடது பக்கம் வரிசையாக, ஹேண்டில் முனையில் தேய்ப்பு, லீவர் வளைவு, ஃபுட்ரெஸ்ட் பின்பக்கமாக மடங்கினது. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டே தரையில் தேய்ந்தால் மட்டும்தான் ஃபுட்ரெஸ்ட் அப்படிப் பின்னால் மடங்கும். கிராஷ் கார்டில் மண் என்று எழுதியிருப்பதைப் பார், தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கியிருக்கிறது. இடது கால் முறிந்ததும் அதனால்தான், வண்டிக்கு அடியில் கால் மாட்டியிருக்கும்.

எழுதின எம்விஐ யாரென்று தெரியாது, கண்ணால் பார்த்ததை மறைக்காமல் எழுதிய மனுஷன். அவரைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லு.

#12 வார்டு12

இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். இன்வெஸ்டிகேட்டர் ஐயா பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

என் தம்பியை லாரி இடித்தது. நிஜ லாரி, நிஜமான இடி. ஒன்பது நாள் ஐசியுவில் நினைவில்லாமல் கிடந்தான், நாங்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தோம், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பத்தாம் நாள் போய்ப் போட்டோம். "எஃப்.ஐ.ஆர். தாமதம், சந்தேகத்துக்குரிய கிளெய்ம்" என்று கம்பெனி எழுதிவிட்டது. ஒரு இன்வெஸ்டிகேட்டர் வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்தார், உறவுக்காரர் மாதிரி பேசி எங்கள் அம்மாவிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நாலு வருடம் கழித்து அந்தத் தாளில் "என் மகன் தானே விழுந்தான்" என்று எழுதிக் கோர்ட்டுக்கு வந்தது. எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

22 நாள் தாமதம் என்று இங்கே எல்லோரும் குதிக்கிறீர்கள். தாமதம் ஒரு குற்றமா?

#13 கறுப்புக்கோட்டு

வார்டு12, நீங்கள் சொல்வது சட்டத்திலும் சரிதான். எஃப்.ஐ.ஆர். தாமதமானதை மட்டும் வைத்து இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது, நம் ஊரில் அடிபட்டவன் வீட்டில் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள், ஸ்டேஷனுக்கு இல்லை என்று 2011-ல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தாமதம் வந்தால் மற்றக் காகிதத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மோசடி இல்லை என்றும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து கிளெய்ம்களை விசாரிக்க 2015 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போடச் சொன்னது. 2021-ல் அதே விஷயம் உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது எங்கள் வக்கீல் கூட்டத்தில் இருக்கிறவர்கள் மேலேயே நடவடிக்கை எங்கே என்று கேட்டார்கள். கறுப்புக்கோட்டு என்று பேர் வைத்துக்கொண்டு இதை எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

#14 பழையகோப்பு

வார்டு12 தம்பி, வெள்ளைத்தாள் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மாதிரி ஆட்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். கேஸுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, "மோசடி இல்லை, உண்மையான விபத்து" என்று நாலு ரிப்போர்ட் கொடுத்தால் ஐந்தாவது கேஸ் வராது. நானும் ஆரம்பத்தில் இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனவன்தான். இப்போது படிக்கத் தெரியாதவர்களிடம் கையெழுத்தே வாங்குவதில்லை. இன்னொன்று, சில பேர் எந்த அனுமதியும் இல்லாமல் யாருடைய செல்போன் கால் பட்டியலையோ காசு கொடுத்து வாங்கி வருவார்கள். அது சட்டவிரோதம், கோர்ட் மூலமாகக் கேட்டால்தான் அது சாட்சி.

#15 சும்மாஇரு

இடையில் ஒரு சந்தேகம், என் மச்சானின் கார் திருட்டுப்போய்விட்டது, கம்பெனி இரண்டு சாவியும் கேட்கிறது. அவனிடம் ஒன்றுதான் இருக்கிறது. இதுவும் மோசடி சந்தேகம்தானா?

#16 பழையகோப்பு

ஆமாம். காரைச் சாவியோடு விற்றுவிட்டுத் திருட்டு என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏகப்பட்ட பேர், அதனால்தான் கேட்கிறார்கள். சாவி எப்போது தொலைந்தது என்று முன்பே புகார் கொடுத்த காகிதமோ டூப்ளிகேட் செய்த பில்லோ இருந்தால் கொடுக்கச் சொல்லு. தனி இழை போடு, இங்கே முட்டைக்காரர் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

#17 முட்டைவண்டி | 3 ஜூலை

ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. அக்டோபர் 14, ஓமலூர் டோல் இரவு 8.47. கிருஷ்ணகிரி டோல் 10.41. நடுவில் தொப்பூர் கணவாயில் ஊர்ந்துகொண்டிருந்திருப்போம். ஒன்பதரை மணிக்கு அந்த ஊரில் இருக்க ஹெலிகாப்டர்தான் வேண்டும்.

ஆனால் ஒரு பயம். இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் எஃப்.சி. இல்லாமல் ஓசூர் போனேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா?

#18 கறுப்புக்கோட்டு

ஆகும். அதற்கு அபராதம் சில ஆயிரம். இதற்கு 18 லட்சம். கொடுங்கள்.

கம்பெனியின் சட்டப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கம்பெனியும் இந்த வழக்கில் எதிர்மனுதாரர் என்பதால் அவர்களும் எல்லா வாதத்தையும் வைத்து எதிர்க்கலாம். உரிமையாளரே முன்னால் வந்து "என் வண்டி அங்கே இல்லை" என்று சொல்வது அபூர்வம். அவர்களே உங்களைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எஸ்.பி. அலுவலகத்தில் தனியாக ஒரு புகாரும் கொடுங்கள், கையெழுத்து போலி என்று. ஏ.ஆர். புத்தகத்தை வரவழைக்க உங்கள் வக்கீல் மனுப் போடட்டும்.

#19 வார்டு12

முட்டைவண்டி அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆளுக்குக் கால் நிஜமாகவே முறிந்திருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவரை இதில் இழுத்துவிட்டவன் வேறு ஒருத்தனாக இருப்பான், கடைசியில் அவனுக்குத்தான் பாதிப் பணம் போகும்.

#20 முட்டைவண்டி | 29 ஆகஸ்ட்

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், தனி மெசேஜில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

ஏ.ஆர். காப்பி கோர்ட்டுக்கு வந்தது. இங்கிலீஷில் ஒரே வரி. "இரவு 10.20, டூ வீலரில் போகும்போது நாய் குறுக்கே வந்து சறுக்கித் தானே விழுந்ததாகக் கூறுகிறார்." பழையகோப்பு அண்ணா சொன்ன அதே நாய்.

அதற்கு மறுவாய்தாவுக்கு மனுதாரரின் வக்கீல் வரவில்லை, கூட வரும் ஜூனியர்தான் வந்து தேதி வாங்கிக்கொண்டு போனார். மனுதாரர் வந்திருந்தார். கக்கத்தில் கட்டையோடு வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை, "மணி என்னங்க" என்று கேட்டார். சொன்னேன்.

டிரைவரைத் தேடிப் போனேன். சண்டை போடுகிற யோசனையில்தான் போனேன். வீட்டில்தான் இருந்தார். 15,000 கொடுத்தார்களாம், அபராதத்தையும் அவர்களே கட்டினார்களாம். "முதலாளிக்கு ஒண்ணும் ஆவாது, இன்சூரன்ஸ்தான் கட்டும்னு சொன்னாங்க" என்றார். ஒரு கையெழுத்துக்கு மட்டும் நான் வரமாட்டேன் என்று தெரிந்து ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் யாரோ போட்டார்களாம். இதையெல்லாம் கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார், குடிக்காமல் வர முடியவில்லை.

எஃப்.சி. அபராதம் கட்டிவிட்டேன். அடுத்த வாய்தா அக்டோபர் 9, எம்விஐ சாட்சிக்கு வருகிறார். வியாழக்கிழமை, லோடு நாள்.

#21 பழையகோப்பு

போ. லோடை வேறு யாரிடமாவது விடு. எம்விஐயிடம் ஃபுட்ரெஸ்ட் எந்தப் பக்கமாக வளைந்திருந்தது என்று மட்டும் உன் வக்கீலைக் கேட்கச் சொல்லு, வேறு எதுவும் கேட்க வேண்டாம்.